வடசென்னையில வாந்திபேதி: காலரா குறைஞ்ச இடத்துல இப்ப எந்தக் கிருமி இருக்கு?

#1 தண்டையார்பேட்டை லேப்

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்துல கல்ச்சர் பிரிவுல, அதாவது நோயாளி மாதிரியில இருக்குற கிருமிய வளத்துப் பாக்குற இடத்துல, வேலை பாக்குறேன். நம்ம ஏரியாவுல மழை ரெண்டு நாள் சேர்ந்தாப்புல பெய்ஞ்சா போதும், "அந்தத் தெருவுல காலராவாம்"னு வாட்ஸ்அப்ல தகவல் சுத்த ஆரம்பிச்சிடும். இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கு. 1992 அக்டோபர்ல இதே மெட்ராஸ்லதான் உலகம் அதுவரைக்கும் பாக்காத ஒரு காலரா கிருமி தலை காட்டிச்சு. அதுவரைக்கும் கொள்ளை நோயா பரவுன காலரா எல்லாமே ஓ1 வகைன்னு பாடப் புத்தகத்துல இருந்தது. கண்ணாடித் தகட்டுல கிருமிய வெச்சு, ஓ1 வகைய அடையாளம் காட்டுற எதிர்ச்சீரம் ஒரு சொட்டு விட்டா, தயிர் திரிஞ்ச மாதிரி துகள் துகளா கட்டணும். இங்க எடுத்த மாதிரிகள்ல அது கட்டவே இல்ல. நோயாளிக்கோ அரிசி கழுவுன தண்ணியாட்டம் போய்க்கிட்டே இருக்கு. பின்னாடி அதுக்கு ஓ139னு நம்பர் வெச்சாங்க. ஒரு வருஷத்துக்குள்ள கல்கத்தா, வங்கதேசம், தாய்லாந்து வரைக்கும் போயிடுச்சு. வங்கதேசத்துல மட்டும் 1 லட்சம் பேருக்கு மேல பாதிப்பு. எட்டாவது உலகக் காலராக் கொள்ளை நோய் வந்திடுச்சோன்னு விஞ்ஞானிகளே பயந்தாங்க. அப்புறம் சில வருஷத்துல அது அடங்கி, பழைய ஓ1ல எல்டார்ங்கிற வகை மறுபடி முன்னுக்கு வந்துச்சு.

இத ஏன் எழுதுறேன்னா, குடல் கிருமிங்க ஒரே ஊர்ல ஒரே மாதிரி இருக்குறதில்ல. எது அதிகம், எது கம்மி, எந்த மருந்துக்கு எது கேக்குதுங்கிறது சில வருஷத்துல மாறிடுது. ஆனா நம்ம பக்கத்து கிளினிக்குகள்ல பேதின்னு போனா என்ன கிருமின்னு பாக்காமலே மாத்திரை கொடுக்குறாங்க. கல்ச்சருக்கு வர்ற மாதிரி ரொம்பக் கம்மி. வர்றதுலயும் பாதிக்கு மேல ரெண்டு மூணு வேளை ஆன்டிபயாட்டிக் முழுங்கினதுக்கு அப்புறம் வருது. அதுல கிருமி முளைக்காது. "கிருமி எதுவும் வளரவில்லை"னு அறிக்கை போகுது, அரசாங்கக் கணக்குலயும் அது ஏறாது. வடசென்னையில இப்ப என்ன நோய் நடமாடுதுன்னு நமக்கே தெரியாம இருக்கோம். அதப் பத்திப் பேசலாம்னு இந்த இழை.

#2 பழைய சானிட்டரி இன்ஸ்பெக்டர்

தம்பி, 92, 93ல நான் பணியில இருந்தேன். தண்டையார்பேட்டை தொத்துநோய் ஆஸ்பத்திரி வார்டு இன்னும் கண்ணுல நிக்குது. கட்டில்னா மெத்தை கிடையாது. கேன்வாஸ் துணி, அதுல இடுப்பு வர்ற இடத்துல ஒரு ஓட்டை, ஓட்டைக்கு நேர் கீழ பக்கெட். பக்கெட்ல அளவு போட்டிருக்கும். எவ்வளவு வெளிய போச்சோ அவ்வளவு சலைன் உள்ள ஏத்தணும், அதுதான் கணக்கு. கையத் தொட்டா நாடி கிடைக்காது, தோலக் கிள்ளி விட்டா அப்படியே மடிஞ்சு நிக்கும். சரியா தண்ணி ஏத்தினா சாயங்காலம் அதே ஆள் எழுந்து உக்காந்து டீ கேப்பாரு.

அந்தத் தடவ எங்களுக்கு வித்தியாசமா பட்டது என்னன்னா, பெரியவங்க நிறைய பேர் படுத்தாங்க. வழக்கமா காலரா ரொம்ப நாளா இருக்குற ஊர்ல பிள்ளைங்கதான் அதிகம் வரும். பெரியவங்க உடம்புல பழைய எதிர்ப்புச் சக்தி இருக்கும். இந்தப் புதுக் கிருமிக்கு அது உதவலைன்னு பின்னாடிதான் சொன்னாங்க.

நாங்க செஞ்சதெல்லாம் பிளீச்சிங் பவுடர், லாரித் தண்ணியில குளோரின் இருக்கான்னு பாக்குறது, கையேந்தி பவன்ல வெட்டி வெச்ச பழத்த அள்ளிக் கொட்டுறது. அது அன்னிக்கு வேலை செஞ்சது. இன்னிக்கு இருக்குற கிருமிக்கு அது போதுமான்னு எனக்குத் தெரியணும். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#3 வியாசர்பாடி அம்மா

லேப் அண்ணா, நீங்க சொன்னது எங்க வீட்லயே நடந்துச்சு. சின்னவளுக்கு நாலு வயசு. காய்ச்சல், அடிவயித்துல முறுக்கு, கொஞ்சம் கொஞ்சமா சளி மாதிரி, அப்புறம் ரத்தம். பக்கத்துல இருக்குற கிளினிக்ல போனப்ப "சூடு, வெளி சாப்பாடு"ன்னு சொல்லி ரெண்டு மருந்து எழுதினாங்க. ரெண்டு நாள்ல நிக்கல. அதுக்குள்ள பெரியவனுக்கும் வந்துச்சு, மாமியாருக்கும் வந்துச்சு. நாங்க எல்லாரும் காய்ச்சின தண்ணிதான் குடிக்கிறோம். அப்ப எப்படி ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்குப் போச்சு? கடைசியில பெரிய ஆஸ்பத்திரியில அட்மிட் பண்ணித்தான் சரியாச்சு. என்ன கிருமின்னு அங்கயும் யாரும் சொல்லல. ஏற்கனவே மருந்து சாப்பிட்டதால டெஸ்ட்ல ஒண்ணும் வரலைன்னுட்டாங்க.

#4 மணலி மருத்துவர்

அம்மா, குழந்தை நலமாகிவிட்டது என்பதில் மகிழ்ச்சி. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் சீதபேதிக்கு உரியவை. பரிசோதனை இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், ஒரே வீட்டில் வரிசையாகப் பரவியதைப் பார்த்தால் முதலில் நினைவுக்கு வருவது ஷிகெல்லா என்ற பாக்டீரியாதான்.

காய்ச்சிய தண்ணீர் குடித்தும் ஏன் பரவியது என்று கேட்டீர்கள். காலரா வருவதற்குக் கோடிக்கணக்கான கிருமிகள் வயிற்றுக்குள் போக வேண்டும், ஏனென்றால் இரைப்பை அமிலத்தில் அவற்றில் பெரும்பகுதி செத்துவிடும். அத்தனை கிருமி ஒன்றாகப் போவதற்கு மாசுபட்ட தண்ணீரோ உணவோ வேண்டும். ஷிகெல்லாவுக்கு 10 முதல் 100 கிருமிகளே போதும். அமிலத்தையும் தாங்கும். குழந்தையைக் கழுவிவிட்ட கை, பொதுக் கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள், ஒரே துண்டு, சோற்றில் உட்கார்ந்த ஈ, இவையே போதும். கிணற்றிலும் குழாயிலும் குளோரின் போட்டால் காலரா அடங்கும், ஷிகெல்லா அந்த அளவுக்கு அடங்காது. சானிட்டரி இன்ஸ்பெக்டர் ஐயா கேட்ட கேள்விக்கும் இதுவே பதில்.

ஷிகெல்லாவுக்குள்ளேயே நான்கு இனங்கள் உண்டு. அவற்றில் ‘டிசென்டிரியே’ என்ற இனத்தின் முதல் வகைதான் மிகக் கொடியது. 1984இல் வங்காளத்தில் பெரிய கொள்ளை நோயாக வந்தது, இப்போது அரிதாகிவிட்டது. ஏழை நாடுகளில் ஃப்ளெக்ஸ்னரி என்ற இனம் அதிகம், பணக்கார நாடுகளில் சோன்னி என்ற இனம் அதிகம். ஒரு நாடு வசதி அடைய அடைய ஃப்ளெக்ஸ்னரி இறங்கி சோன்னி ஏறுகிறது. தாய்லாந்திலும் வியட்நாமிலும் இது நடந்தேறிவிட்டது. இந்தியாவில் இன்னும் ஃப்ளெக்ஸ்னரிதான் முன்னால் நிற்கிறது, சோன்னியின் பங்கு கூடிவருகிறது.

ஏன் இப்படி என்பதற்கு ஒரு கருதுகோள் உண்டு. என்னை ரொம்ப யோசிக்க வைத்த ஒன்று அது. அசுத்தமான நீர்நிலைகளில் ப்ளீசியோமோனாஸ் என்று ஒரு பாக்டீரியா வாழ்கிறது. அதில் ஒரு வகையின் மேலுறைச் சர்க்கரை, சோன்னியின் மேலுறைச் சர்க்கரையைப் போலவே இருக்கிறது. அழுக்குத் தண்ணீர் குடித்து வளர்ந்த குழந்தைக்கு அதன் மூலம் சோன்னிக்கு எதிரான எதிர்ப்பும் கிடைத்துவிடுகிறதாம். தண்ணீர் சுத்தமானால் அந்தத் தற்செயல் பாதுகாப்பு போய்விடுகிறது. இன்னும் முழுமையாக நிரூபிக்கப்படவில்லை. ஆனால் தண்ணீரை மட்டும் சீராக்கிவிட்டு கழிப்பறையையும் கை கழுவ சோப்பையும் மறந்தால் என்ன ஆகும் என்பதை இது காட்டுகிறது.

ஒரு எச்சரிக்கை. ரத்தத்தோடு பேதி போனால், அதை நிறுத்துவதற்கென்று கடையில் விற்கும் லோப்பெராமைடு மாத்திரையைக் கொடுக்காதீர்கள், குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

#5 கொருக்குப்பேட்டை குமார்

டாக்டர் சார், மரியாதையோட சொல்றேன், எனக்கு இது ஒப்பல. கடைசியில எங்க வந்து நிக்கிறீங்க? கை கழுவு, சோப்பு போடு. எப்பப் பாத்தாலும் வடசென்னைக்காரன் கைதான் அழுக்கு. எங்க தெருவுல அடி பம்புல காலையில முதல்ல வர்ற தண்ணிய மோந்து பாத்திருக்கீங்களா? சாக்கடை நாத்தம். கொஞ்ச நேரம் அடிச்சு அடிச்சு வெளிய விட்டுட்டுத்தான் குடத்த வெக்கிறோம். குடிதண்ணி பைப்பும் டிரெயினேஜும் ஒரே பள்ளத்துல போகுது. புகார் கொடுத்தா ஆள் வருவாங்க, தோண்டுவாங்க, ஒரு ஓட்டைய அடைப்பாங்க, அடுத்த மாசம் பக்கத்து வீட்டு வாசல்ல பொங்கும். மீஞ்சூர்ல 2010லயே கடல் தண்ணிய நல்ல தண்ணியாக்குற பிளான்ட் வந்துச்சு, நாளைக்கு 10 கோடி லிட்டர். புழல் ஏரியும் நம்ம தலை மாட்டுலதான் கிடக்கு. பிளான்ட்ல கண்ணாடி மாதிரி கிளம்புற தண்ணி எங்க குழாய்க்கு வர்றப்ப ஏன் அப்படி இருக்கு? அதச் சொல்லாம கிருமி பேர் அடுக்கினா எங்களுக்கு என்ன ஆகப் போகுது?

#6 புளியந்தோப்பு

குமார் அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. எங்க தெருவுலயும் இதே கதை.

#7 எருக்கஞ்சேரி மாணவி

நான் பொது சுகாதாரம் படிக்கிறேன். குமார் அண்ணா கோபம் நியாயம்தான், ஆனா கிருமி பேர் தெரிஞ்சாதான் அந்தக் கோபத்த யார்கிட்ட காட்டுறதுன்னு தெரியும்னு நினைக்கிறேன்.

ரெண்டு பெரிய ஆய்வு சொல்றேன். ஒண்ணு, ஆப்பிரிக்கா, ஆசியாவுல ஏழு நாட்டுல சின்னப் பிள்ளைங்களுக்கு வர்ற கடுமையான வயித்துப்போக்க ஆராய்ஞ்சது. 2013ல முடிவு வந்துச்சு. இந்தியாவுல கொல்கத்தா அதுல ஒரு இடம். ரோட்டா வைரஸ், கிரிப்டோஸ்போரிடியம்ங்கிற ஒட்டுண்ணி, ஈகோலைங்கிற குடல் பாக்டீரியாவுல ஒரு வகை, ஷிகெல்லா, இந்த நாலும்தான் பெரும்பாலான இடத்துல முன்னால நின்னுச்சு. அதே மாதிரிகள மரபணு முறையில மறுபடி பாத்தப்ப ஷிகெல்லா முதலிடத்துக்கு ஏறிடுச்சு. கல்ச்சர்ல முளைக்காம ஒளிஞ்சிருந்தது அவ்வளவு. தமிழ்நாட்டுல 2017ல இருந்து ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து கொடுக்குறாங்க. ரோட்டா இறங்க இறங்க மிச்சத்துல பாக்டீரியாவோட பங்கு கூடித் தெரியும்.

இன்னொண்ணு டைபாய்டு பத்தினது. வேலூர் சிஎம்சி முன்னின்று பல ஊர்ல பிள்ளைங்கள வருஷக்கணக்கா பின்தொடர்ந்து பாத்தாங்க. நகரப் பகுதிகள்ல 1 லட்சம் பிள்ளைங்களுக்கு வருஷத்துக்கு 576ல இருந்து 1,173 பேருக்கு டைபாய்டு. புனே பக்கத்துக் கிராமத்துல அதே கணக்கு 35தான். ஒரே நாடு, ஒரே காலம், ஆனா நெருக்கமான ஊர்ல அத்தனை மடங்கு. டைபாய்டு கிருமி மனுஷன் உடம்புல மட்டும்தான் வாழும், ஆடு மாடு கோழிகிட்ட இருந்து வராது. ஒருத்தர் மலம் இன்னொருத்தர் வாய்க்குப் போனாத்தான் வரும். குமார் அண்ணா, நீங்க காட்டுற அந்த பைப்புக்கு சாட்சி சொல்ற கிருமி இதுதான். உங்க தெருவுல டைபாய்டு கல்ச்சர்ல நிரூபணமாகி வரிசையா வந்தா, "உங்க கை அழுக்கு"ன்னு யாரும் தட்டிக் கழிக்க முடியாது.

காலராவும் போயே போச்சுன்னு நினைக்க வேண்டாம். 2022 ஜூலையில காரைக்கால்ல காலரா வந்து பொது சுகாதார அவசரநிலையே அறிவிச்சாங்க, ஸ்கூல் எல்லாம் மூடினாங்க.

#8 காசிமேடு கடலோடி

நம்ம மேட்டர் ஒண்ணு கேக்கணும். மீன் சாப்ட்டு வாந்திபேதின்னு ஆளுங்க சொல்றாங்கோ. நாங்க தலைமுறையா மீன் துன்னுட்டுதான் கீறோம். கடல்ல இருந்து வர்ற காலரான்னு ஒண்ணு கீதாமே, மெய்யாலுமா?

#9 தண்டையார்பேட்டை லேப்

கடலோடி அண்ணே, இருக்கு. காலராவோட தூரத்துச் சொந்தக்காரன். பேரு விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ். 1950ல ஜப்பான்ல ஒசாகா பக்கம் காய வெச்ச குட்டி மீன் சாப்பிட்டு 272 பேர் படுத்து 20 பேர் செத்தப்பதான் இதக் கண்டுபிடிச்சாங்க. உப்புத் தண்ணியில வாழுற கிருமி, நண்டு, இறால், மட்டி மேல இயல்பாவே இருக்கும். மனுஷன் சாக்கடைக்கும் இதுக்கும் சம்பந்தமே வேணாம். லேப்ல நாங்க கிருமி வளக்குற தட்டுல காலரா கிருமி மஞ்சளா முளைக்கும், இது பச்சையா முளைக்கும், பாத்த உடனே பிரிச்சிடலாம்.

இதுலயும் ஊர் மாத்தம் உண்டு. 1996ல கொல்கத்தாவுல ஓ3:கே6னு ஒரு வகை திடீர்னு கூடிச்சு, அங்கிருந்து உலகம் பூரா போச்சு. கடல் சூடாக ஆக இது வடக்க ஏறிட்டே போகுது. 2004ல அலாஸ்காவுல கப்பல் பயணிங்களுக்கு வந்துச்சு, அந்தக் குளிர்ல அதுவரைக்கும் யாரும் எதிர்பாக்காத இடம்.

நல்லா கொதிக்க வெச்ச குழம்புல இது செத்துடும். அதனாலதான் உங்க வீட்ல தலைமுறையா ஒண்ணும் ஆகல. பிரச்சனை வேற இடத்துல. ஐஸ் இல்லாம வெயில்ல கிடக்குற இறால்ல இது 10 நிமிஷத்துக்கு ஒரு தடவ ரெட்டிக்கும். அப்புறம், துறைமுகத்துக்குள்ள தேங்கின தண்ணியிலயே மீன அலசுறது, பச்ச நண்டு வெட்டின பலகையில வெந்தத வைக்கிறது. படகுல ஐஸ் போதுமான அளவு போடுங்க, கரையில நல்ல தண்ணியில அலசுங்க.

#10 காசிமேடு கடலோடி

ஐஸ் பத்தி சொன்னது கரெக்ட்டு. வெலை ஏறினதுல சின்ன போட்காரங்க பாதிதான் வாங்குறாங்கோ. நம்ம சங்கத்துல பேசுறேன். நல்ல தண்ணி கொழா ஏலக்கூடத்துக்குப் பக்கத்துல இன்னும் ரெண்டு வேணும், அது இல்லாமதான் ஆளுங்க கடல் தண்ணியில அலசுறாங்கோ.

#11 தண்டையார்பேட்டை லேப்

இப்ப குமார் சாருக்கு. நீங்க சொல்ற காலை முதல் தண்ணி விஷயம் ரொம்ப முக்கியமானது, அத விளக்கமா எழுதணும்னு தோணுது.

பைப்புல எந்நேரமும் தண்ணி அழுத்தமா ஓடிட்டு இருந்தா, ஓட்டை இருந்தாக்கூட தண்ணி வெளியதான் பீச்சும், உள்ள எதுவும் வராது. நம்ம பக்கம் நாளைக்குச் சில மணி நேரம்தான் விடுறாங்க. மிச்ச நேரம் பைப்பு காலி. சுத்தியிருக்குற மண்ணு சாக்கடைத் தண்ணியில ஊறிக் கிடக்கு. அது ஓட்டை வழியா மெதுவா உள்ள வடிஞ்சு உக்காந்துக்கும். இதுல வீட்டுக்கு வீடு மோட்டார் போட்டு உறிஞ்சினா இன்னும் மோசம், பள்ளத்துல இருக்குறத எல்லாம் பைப்புக்குள்ள இழுத்துக்கும். மறுநாள் தண்ணி விட்டதும் முதல்ல வர்றது அந்தச் சரக்குதான். கர்நாடகாவுல ஹுப்ளி தார்வாடுல ஒரே ஊர்ல 24 மணி நேரம் தண்ணி வர்ற வார்டையும், விட்டு விட்டு வர்ற வார்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாங்க. விட்டு விட்டு வர்ற இடத்துல, அதுவும் முதல் தண்ணியில, மலக் கிருமி கூடுதலா இருந்துச்சு. பிளான்ட் சுத்தமா இருக்கலாம், கடைசிக் குழாய் சுத்தமா இருக்கும்னு அதுக்கு அர்த்தம் இல்ல.

கடைசிக் குழாயில லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சணும்னு இந்தியத் தர விதி சொல்லுது. 100 மில்லில ஈகோலை ஒண்ணுகூட இருக்கக் கூடாது. குளோரோஸ்கோப்னு ஒரு சின்னப் பெட்டி, குழாய்த் தண்ணிய அதுல புடிச்சு ரெண்டு மூணு சொட்டு மருந்து விட்டா மஞ்சள் கட்டும். மஞ்சளே கட்டலைன்னா பைப்புல எங்கயோ அழுக்கு குளோரினத் தின்னுடுச்சுன்னு அர்த்தம்.

டைபாய்டு பத்தி தங்கச்சி சொன்னதுக்கு ஒரு சேர்க்கை. நம்ம ஏரியாவுல "டைபாய்டு பாசிட்டிவ்"னு வர்ற சீட்டு முக்கால்வாசி, ரத்தத்துல எதிர்ப்பொருள் இருக்கான்னு பாக்குற விடால் டெஸ்ட். அது 1896ல வந்த சோதனை. நம்ம ஊர்ல பழைய தொத்து, வேற காய்ச்சல் எதுக்கு வேணா ஏறி நிக்கும். ஒரு தடவ எடுத்த விடால வெச்சு டைபாய்டுன்னு முடிவு கட்டவே கூடாது. ரத்தக் கல்ச்சர்தான் சரி. அதுவும் 100 டைபாய்டுல 60 வாக்குலதான் புடிக்கும், ஆன்டிபயாட்டிக் ஆரம்பிச்சிட்டா அதுவும் இறங்கும். ஆனா அது ஒண்ணுதான் எந்த மருந்து கேக்கும்னு சொல்லும்.

மருந்துக் கதையக் கேளுங்க. 1972ல கோழிக்கோட்டுல குளோரம்ஃபெனிக்காலுக்கு அடங்காத டைபாய்டு வந்துச்சு. 1990 வாக்குல, அப்ப டைபாய்டுக்குக் கொடுத்துட்டு இருந்த மூணு முக்கிய மருந்துக்கும் அடங்கலை, எல்லாரும் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு மாறினாங்க. அத மிட்டாய் மாதிரி கொடுத்ததுல இப்ப இந்திய டைபாய்டுல பெரும்பான்மைக்கு அது வேலை செய்யாது. செஃப்ட்ரையாக்சோன், அசித்ரோமைசின் ரெண்டையும் நம்பித்தான் ஓடுது. பாகிஸ்தான்ல சிந்து பக்கம் 2016ல செஃப்ட்ரையாக்சோனுக்கும் அடங்காத டைபாய்டு கிளம்பி ஆயிரக்கணக்கானவங்களத் தாக்கிச்சு. அங்க கைவசம் மிஞ்சின மாத்திரை அசித்ரோமைசின்தான். நம்ம தெருவுல சாதாரணப் பேதிக்கும் அதே அசித்ரோமைசினக் கடையில சீட்டு இல்லாம கேட்டு வாங்குறோம். இது எனக்கு ரொம்ப வேதனையா இருக்கு.

#12 மணலி மருத்துவர்

முழுக்க உடன்படுகிறேன். குமார் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கையைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. ஒரு கழிப்பறையைப் பத்துக் குடும்பம் பகிர்ந்துகொண்டு, அங்கே தண்ணீரும் இல்லையென்றால் யாருடைய கையும் சுத்தமாக இருக்க முடியாது. குழாயும் கழிப்பறையும் ஒரே கோரிக்கைக்குள்தான் வர வேண்டும்.

டைபாய்டு இணைப்புத் தடுப்பூசி இந்தியாவிலேயே தயாராகிறது, 6 மாதக் குழந்தை முதல் ஒரே ஊசி போடலாம். முடிந்தவர்கள் பிள்ளைகளுக்குப் போட்டுவிடுங்கள். அது, டைபாய்டு மாதிரியே வரும் பாராடைபாய்டைத் தடுக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

#13 புளியந்தோப்பு

கேன் தண்ணி வாங்கினா இதெல்லாம் கவலை இல்லையே?

#14 எருக்கஞ்சேரி மாணவி

கேன்ல ஐஎஸ்ஐ முத்திரை, தேதி, உடைக்காத சீல் இருக்கான்னு பாருங்க. இருந்தாலும் திறந்து வெச்ச கேனுக்குள்ள டம்ளர் விட்டு மொண்டா எல்லாம் வீண். வீட்ல சின்னப் பிள்ளை இருந்தா கேன் தண்ணியையும் கொதிக்க வெச்சிடுங்க.

இன்னொரு கிருமி பத்திச் சொல்லாம விட்டுட்டேன். கேம்பிலோபாக்டர். ஐரோப்பா, அமெரிக்காவுல பாக்டீரியா பேதியில முன்னணியில இருக்குறது இதுதான், பெரும்பாலும் சரியா வேகாத கோழி வழியா. நம்ம ஊர்ல பேரே கேட்டிருக்க மாட்டோம். 2025 ஜனவரியில புனேல சிங்ககட் ரோடு பக்கம் நிறைய பேருக்குக் கை கால் மரத்து நடக்க முடியாமப் போச்சே, கில்லன் பாரே நோய்க்குறி, ஞாபகம் இருக்கா? அதுல பலரோட மல மாதிரியில இந்த கேம்பிலோபாக்டர் இருந்துச்சு. சிலருக்கு மட்டும், பேதி நின்னு ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு இந்த நோய்க்குறி நரம்பத் தாக்கும். லேப் அண்ணா, உங்க லேப்ல இது பாக்குறீங்களா?

#15 தண்டையார்பேட்டை லேப்

பாக்குறதில்லம்மா. அது 42 டிகிரியில, ஆக்சிஜன் கம்மியான காத்துல, தனி ஊடகத்துலதான் வளரும். சாதாரண மலக் கல்ச்சர் எடுக்குற லேப் எதுவும் வழக்கமா அதுக்குத் தட்டு போடாது. சால்மொனெல்லா (டைபாய்டு கிருமியோட குடும்பம்), ஷிகெல்லா, காலரா பாப்போம், அதோட சரி. நம்ம ஏரியாவுல தெருவுக்குத் தெரு சிக்கன் பக்கோடாவும் ஷவர்மாவும் வந்தாச்சு. 2022ல காசர்கோட்டுல ஷவர்மா சாப்பிட்டு ஒரு மாணவி இறந்தப்ப ஷிகெல்லான்னு கண்டுபிடிச்சாங்க, ஏன்னா அங்க தேடினாங்க. இங்க கேம்பிலோபாக்டர் இல்லைன்னு யாராவது சொன்னா, தேடிப் பாத்துச் சொன்னாங்களான்னு நான் கேப்பேன்.

#16 வியாசர்பாடி அம்மா

அப்ப அடுத்த தடவ பிள்ளைக்கு வந்தா நான் என்ன கேக்கணும்? டாக்டர் கோவப்படாத மாதிரி எப்படிக் கேக்குறது?

#17 மணலி மருத்துவர்

அம்மா, முதலில் தண்ணீர்ச் சத்து. ஒரு லிட்டர் ஓஆர்எஸ் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும், டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாக அல்ல. கடையில் ஓஆர்எஸ் மாதிரி பெயரோடு விற்ற இனிப்புப் பானங்களை நம்பாதீர்கள், சர்க்கரை கூடினால் பேதியும் கூடும். கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள், பேதி நின்றாலும் நிறுத்தாமல். தாய்ப்பாலையோ சாப்பாட்டையோ நிறுத்த வேண்டாம். வெறும் தண்ணீராகப் போகும் பேதிக்குப் பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக்கே தேவைப்படாது.

ரத்தம் போனாலோ, காய்ச்சல் இறங்காமல் நான்கைந்து நாள் ஓடினாலோ, "மருந்து ஆரம்பிக்கும் முன்னால் ஒரு கல்ச்சர் எடுத்துவிடலாமா டாக்டர்?" என்று கேளுங்கள். எந்த மருத்துவரும் இதற்குக் கோபப்படக் கூடாது. முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும், அதுவரை மருந்து தராமல் காத்திருக்கச் சொல்லவில்லை. மாதிரியை எடுத்துக் கொடுத்துவிட்டு மருந்தை ஆரம்பிக்கலாம். கண் குழிந்து, சிறுநீர் போகாமல், குழந்தை துவண்டுபோனால் மட்டும் எதற்கும் காத்திருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

#18 பழைய சானிட்டரி இன்ஸ்பெக்டர்

டாக்டர் சொன்னதோட இன்னொண்ணு. ஒரு தெருவுல ஒரே வாரத்துல நாலஞ்சு வீட்ல பேதின்னா கார்ப்பரேஷன் சுகாதார மையத்துல எழுதிக் கொடுங்க. 2004ல இருந்து நோய்க் கண்காணிப்புத் திட்டம்னு ஒண்ணு நடக்குது. டாக்டர் சந்தேகிச்சது ஒரு படிவம், லேப்ல உறுதியானது இன்னொரு படிவம். ரெண்டாவது படிவத்துல பேர் ஏறினா மேலிடத்துல அசைவு வரும், அது என் அனுபவம். வாயால சொன்னது பாதியில நின்னுடும்.

#19 கொருக்குப்பேட்டை குமார்

சரி டாக்டர் சார், குழாயும் கக்கூசும் ஒரே கோரிக்கைன்னு சொன்னீங்க பாருங்க, அது எனக்கு ஒத்துவருது. எங்க தெருவுல பேசிட்டேன், எல்லாரும் கையெழுத்து போடத் தயார். வெறும் மனுவாப் போனா பழைய மாதிரி ஒரு ஓட்டைய அடைச்சிட்டுப் போவாங்க. தண்ணி டெஸ்ட் ரிப்போர்ட்டோட போகணும். லேப் சார், தண்ணி எப்படிப் புடிக்கணும்? பெப்சி பாட்டில்ல புடிச்சாப் போதுமா?

#20 தண்டையார்பேட்டை லேப்

வேணாம் சார். கிருமி நீக்கின பாட்டில் எங்க லேப்லயே தருவோம், கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்லயும் தண்ணிப் பரிசோதனை உண்டு. பாட்டிலுக்குள்ள கொஞ்சம் மருந்து போட்டிருக்கும், அத அலசிடாதீங்க. தண்ணியில இருக்குற குளோரின் வழியிலயே கிருமியக் கொன்னுடாம இருக்குறதுக்காக அது. மூடிய உள்பக்கம் தொடக் கூடாது, கழுத்து வரைக்கும் நிரப்பாம கொஞ்சம் இடம் விடுங்க.

வழக்கமா ரெண்டு மூணு நிமிஷம் ஓட விட்டுட்டுத்தான் புடிக்கச் சொல்லுவாங்க. உங்க தெருவுக்கு ரெண்டு மாதிரி எடுக்கலாம். தண்ணி விட்ட உடனே வர்ற முதல் தண்ணி ஒண்ணு, அரை மணி நேரம் கழிச்சு ஒண்ணு. ரெண்டுலயும் நேரத்தையும் வீட்டு எண்ணையும் பாட்டில் மேல எழுதுங்க. முதல் பாட்டில்ல மட்டும் கிருமி வந்தா பைப்பு காலியா கிடக்குறப்ப உள்ள இறங்குதுன்னு எடுத்து வைக்கலாம். ரெண்டுலயும் வந்தா இன்னும் பெரிய உடைப்பு இருக்குன்னு தோண்டச் சொல்லலாம். ஐஸ் போட்ட டப்பாவுல வெச்சு 6 மணி நேரத்துக்குள்ள கொண்டு வந்துடணும்.

#21 கொருக்குப்பேட்டை குமார்

எங்களுக்குத் தண்ணி விடியக்காலம் நாலரைக்கு வரும். தெருவோட இந்த முனையில ஒரு பம்பு, அந்த முனையில ஒரு பம்பு. நாலு பாட்டில் வேணும்.

#22 தண்டையார்பேட்டை லேப்

தர்றேன். நாளைக்குச் சாயங்காலம் வந்து வாங்கிக்கோங்க, மறுநாள் காலையில எட்டு மணிக்கு முன்னாடி திருப்பிக் கொண்டு வந்துடுங்க.

#23 காசிமேடு கடலோடி

ஐஸ் டப்பா நான் தர்றேன் குமாரு. நாலு மணிக்கு உங்க தெரு முனையில இருப்பேன்.